குதிகாலில் தொடங்கும் பந்தயம்

கொள்ளேகால் வட்டாரத்தின் மைதானங்களில் வேகத்துக்குப் பஞ்சமில்லை. அந்த வேகத்தைத் தாங்க வேண்டிய கணுக்காலையும் கெண்டைக்காலையும் பழக்கத்தான் யாருக்கும் நேரமில்லை. தேவைப்படுவதோ ஒரு படிக்கட்டும் தினம் பத்து நிமிடமும்தான்.

2025 ஜனவரி 19. டெல்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கம். கோ-கோ விளையாட்டின் முதல் உலகக் கோப்பைப் போட்டி. பெண்கள் இறுதியாட்டத்தில் நேபாள அணியினர் துரத்தத் துரத்த, இந்தியாவின் பி. சைத்ரா பிடிகொடுக்காமல் ஓடினார். அவர் இருந்த குழுவின் ஓட்டம் 5 நிமிடம் 14 விநாடி வரை நீண்டது. பிரியங்கா இங்ளே தலைமையிலான இந்திய அணி 78-40 என்ற கணக்கில் கோப்பையை வென்றது. சைத்ராவின் ஊர் குருபூர். கொள்ளேகாலிலிருந்து மைசூர் போகும் சாலையில் வரும் டி. நரசிபுரா தாலுகாவைச் சேர்ந்த கிராமம்.

ஐந்து நிமிட ஓட்டம் என்ன பெரிய ஓட்டம் என்று நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கேட்கலாம். ஆனால் கோ-கோவில் யாரும் நேராக ஓடுவதில்லை. நான்கு எட்டு பாய்ச்சல், சட்டென்று ஒரு நிறுத்தம், உடம்பை மட்டும் ஒரு பக்கம் காட்டிவிட்டுக் காலை மறுபக்கம் திருப்பும் ஏமாற்று, மீண்டும் பாய்ச்சல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உடலின் மொத்த எடையும் அதன் வேகமும் ஒற்றைக் காலின் முன்பாதத்தில் வந்து இறங்குகின்றன. கூட்டம் பார்ப்பது வேகத்தை. அந்த வேகத்துக்குப் பிரேக்காகவும் ஸ்பிரிங்காகவும் இருப்பது கணுக்காலும் அதற்கு மேலே உள்ள கெண்டைக்கால் சதையும். பயிற்சி நேரத்தில் பெரும்பாலும் மறக்கப்படுவதும் இந்த இரண்டுமே.

துரத்துகிறவர்கள் பாடும் லேசானதல்ல. எட்டுப் பேர் நடுப்பாதையில், ஒருவர் இந்தப் பக்கமும் அடுத்தவர் அந்தப் பக்கமும் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் துரத்துவார். ஒரு திசையில் கிளம்பிவிட்டால் அவர் பாதியில் திரும்பக் கூடாது, நடுப்பாதையைக் கடந்து மறுபக்கம் போகவும் கூடாது. ஒன்று, கோடியில் உள்ள கம்பத்தைச் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முதுகைத் தொட்டு 'கோ' சொல்லி அவரை எழுப்பிவிட வேண்டும். எழுகிறவர் தரையிலிருந்து அம்பு போலப் புறப்பட்டாக வேண்டும். அதற்காகவே 'பேரலல் டோ', 'புல்லட் டோ' என்று உட்காரும் முறைகளையே தனியாகக் கற்றுத்தருகிறார்கள். இரண்டிலும் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். மடங்கிய நிலையிலிருந்து உடலைத் தூக்கி எறியும் பலம் கெண்டைக்காலில் இருக்க வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் பயனில்லை.

மடங்கிய காலம்

ஒரு காலத்தில் இதை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் புதிய சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்ந்தது. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பட்டு. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்கட்டையை மாற்றி மாற்றி மிதிக்கும் நெசவாளியின் கணுக்கால் நாள் முழுக்க மடங்கி நிமிர்ந்தது. மல்பெரித் தோட்டத்திலும் வயலிலும் வேலை குத்துக்காலிட்டுத்தான். சிறுவர்கள் மேடு பள்ளத்தில் வெறுங்காலோடு திரிந்தார்கள். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலை மாதேஸ்வரன் கோயிலுக்கு நடந்தே போகும் பக்தர்களை இன்றும் பார்க்கலாம். மலை ஏறும்போது ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் இழுபட்டு, உடனே உடலை மேலே தள்ளுகிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் செய்வதும் இதைத்தான்.

இன்றைய பள்ளிப் பிள்ளையின் நாள் வேறு மாதிரி. வகுப்பில் பெஞ்சு, வீட்டில் நாற்காலி, போக வர வேன் அல்லது பைக், கழிப்பறையிலும் மேல்நாட்டுப் பீங்கான். குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னால் குதிகாலைத் தரையில் பதிக்க முடியாமல் பின்னால் சாயும் பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளியிலும் காணலாம். அவர்களை மைதானத்துக்கு அழைத்து வந்து, கால் பழகும் முன்பே வேகத்தைக் கேட்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

மடங்காத கணுக்கால் சும்மா இருப்பதில்லை, தன் வேலையை மற்றவர் தலையில் கட்டுகிறது. தாவி இறங்கும்போது முழங்கால் பாதத்துக்கு முன்னே போக வேண்டும். கணுக்கால் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும், பாதம் உள்பக்கம் சரியும், முழங்கால் உள்ளே வளையும். கடைசியில் வலி வருவது முழங்காலில். மருந்து தடவுவதும் அங்கேதான். காரணம் ஒரு முழம் கீழே இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு சதை, ஒரு கயிறு

கெண்டைக்கால் என்று நாம் சொல்வது ஒரே சதை அல்ல. வெளியே திரண்டு தெரிவது 'காஸ்ட்ரோக்னீமியஸ்'. முழங்காலுக்கு மேலே தொடங்கி அந்த மூட்டைக் கடந்து வருவதால், கால் நீட்டியிருக்கும்போதுதான் இது முழுதாக வேலை செய்யும். பாய்ச்சலும் தாவலும் இதன் துறை. அதற்கு அடியில் பலகை போல் படுத்திருப்பது 'சோலியஸ்'. முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவதால் கால் மடங்கியிருக்கும்போதும் உழைக்கும். நிற்பது, நடப்பது, ஓட்டத்தில் ஒவ்வொரு அடியையும் தாங்குவது ஆகியவற்றில் பெரும்பங்கு இதற்குத்தான். இரண்டும் சேர்ந்து ஒரே கயிறாகக் குதிகால் எலும்பில் முடிகின்றன. மக்கள் குதிகால் நரம்பு என்று சொல்லும் இந்தக் கயிறு உண்மையில் நரம்பல்ல, தசைநாண். மருத்துவர்கள் இதை 'அக்கிலிஸ்' என்பார்கள். உடலிலேயே பருமனான, பலமான தசைநாண் இது. ஓடும்போது உடல் எடையைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு வரையான இழுவிசையை இது தாங்குகிறது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. காலை நீட்டி மட்டும் பயிற்சி செய்தால் வெளிச்சதைதான் பழகும். சோலியஸைப் பழக்க முழங்காலை மடக்கியும் செய்ய வேண்டும். அடுத்தது, இழுத்து நீட்டுவது மட்டும் போதாது. நீண்ட சதைக்குப் பலம் இல்லையென்றால் அது தளர்ந்த கயிறு. பலம் இருந்தும் நீளம் இல்லையென்றால் முறுக்கேறிய கயிறு. விளையாட்டு வீரருக்கு இரண்டுமே ஆபத்து.

மூன்று வார அவசரம்

இந்த வட்டாரத்தில் விளையாட்டுக்கு ஒரு பருவம் உண்டு. பள்ளிப் போட்டிகள் ஹோப்ளி அளவில் தொடங்கித் தாலுகா, மாவட்டம் என்று ஏறும். இன்னொரு பக்கம் தசரா விளையாட்டுப் போட்டிகள் தாலுகாவில் தொடங்கி மைசூரில் முடியும். தேதி அறிவிக்கப்பட்டதும்தான் பல பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியரின் விசில் சத்தம் கேட்கிறது. விடுமுறையில் ஓடாத கால்கள் இரண்டு மூன்று வாரத்தில் காலையும் மாலையும் ஓட வேண்டும். சதை கூட இந்தத் திடீர் உழைப்புக்கு ஓரளவு விரைவில் பழகிவிடும். தசைநாண் பழக மாதக்கணக்கில் ஆகும்.

வளரும் வயது என்பதால் ஆபத்து இரட்டிப்பு. பெண் பிள்ளைகள் பத்து, பதினொரு வயதிலும் பையன்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் விறுவிறுவென்று உயரத் தொடங்குகிறார்கள். எலும்பின் வேகத்துக்குச் சதையும் தசைநாணும் ஈடுகொடுக்காமல் இறுக்கம் கூடும். குதிகால் எலும்பின் பின்முனையில் இன்னும் முற்றாத வளர்ச்சிப் பகுதி ஒன்று இருக்கிறது. இறுகிய கெண்டைக்கால் அதையே பிடித்து இழுக்கும். விளைவு, ஓடி முடித்ததும் குதிகாலின் பின்புறம் வலி, நொண்டி நடை, இரு பக்கமும் விரலால் அழுத்தினால் 'ஆ' என்ற அலறல். 1912இல் பாஸ்டன் நகர மருத்துவர் ஜேம்ஸ் சீவர் விவரித்ததால் இதற்கு 'சீவர்ஸ் நோய்' என்று பெயர். உண்மையில் நோயே அல்ல. எட்டு முதல் பதினான்கு, பதினைந்து வயது வரை வரும். அந்த எலும்பு முற்றியதும் போய்விடும்.

ஆனால் அதுவரை பிள்ளையை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சோம்பேறி, நடிக்கிறாள்" என்று ஓட வைப்பது ஒரு தவறு. "இனி விளையாட்டே வேண்டாம்" என்று வீட்டில் உட்கார வைப்பது இன்னொரு தவறு. ஓட்டத்தையும் தாவலையும் சில வாரங்கள் குறைப்பது, செருப்பில் குதிகாலுக்கு மெத்தையான சின்ன அட்டை வைப்பது, விளையாடிய பிறகு ஐஸ் ஒத்தடம், கெண்டைக்காலுக்கு இதமான பயிற்சி. பெரும்பாலும் இவ்வளவு போதும். போட்டிக்கு முன் "ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்ற யோசனைக்கு மட்டும் இணங்கக் கூடாது. குதிகால் தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அது அறுந்துபோகும் அபாயம் கூடும் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள்.

குதிகால் எவ்வளவு பெரிய கனவையும் கலைத்துவிடும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் பி.டி. உஷா. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றவர். அதே சியோலில் 1988 ஒலிம்பிக் நடந்தபோது குதிகால் காயத்தோடு ஓடி, 400 மீட்டர் தடை ஓட்டத்தில் முதல் சுற்றோடு வெளியேறினார். இடையில் இருந்தது இரண்டே ஆண்டுகள்.

சிறிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இழப்பின் அர்த்தமே வேறு. அவர்களுக்கு விளையாட்டு என்பது கல்லூரி இடம், விடுதி, ஒதுக்கீட்டில் ஒரு வேலை. உலகக் கோப்பைக்குப் பிறகு கர்நாடக அரசு அறிவித்த 5 லட்சம் ரூபாயை சைத்ராவும் ஆண்கள் அணியில் ஆடிய எம்.கே. கௌதமும் ஏற்க மறுத்தார்கள். மகாராஷ்டிரம் தன் வீரர்களுக்குப் பல மடங்கு பணமும் அரசு வேலையும் தந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு ஜோடிக் கால்களை நம்பி ஒரு குடும்பம் போடும் கணக்கு அது. அந்தக் கால்கள் பதினான்கு வயதில் பழுதானால் கணக்கு தொடங்கும் முன்பே முடிந்துவிடும்.

படிக்கட்டே பயிற்சிக்கூடம்

முதலில் சோதனை. சுவருக்கு எதிரே நின்று, கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் அளவில் பாதி இடைவெளி விட்டு, குதிகால் எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடியும். குதிகால் எழாமல் தொட முடிகிற அதிகபட்சத் தூரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிவைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு அருகில் வந்தால் நல்லது. அதைவிட முக்கியம், இரண்டு கால்களுக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பது. இருந்தால் குறைந்த காலைக் கவனிக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்தால் போதும். சட்டென்று உயரும் மாதங்களில் இந்த எண் குறைவதைப் பார்க்கலாம். பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான்.

அடுத்து நீட்டல். சுவரில் இரு கைகளையும் ஊன்றி ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்கால் நேராக, குதிகால் தரையில் பதிய முன்னால் சாய வேண்டும். முப்பது விநாடி. பிறகு அதே நிலையில் பின்காலின் முழங்காலை மடக்கி இன்னொரு முப்பது விநாடி. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று முறை. இழுபடும் உணர்வு இருக்கலாம், வலி இருக்கக் கூடாது. குலுக்கிக் குலுக்கி இழுப்பது பழைய பழக்கம், அதை விட்டுவிடலாம். இந்த நீட்டலுக்கு ஏற்ற நேரம் விளையாடி முடித்த பிறகு, அல்லது வீட்டில் இரவு. ஓட்டப் பந்தயத்துக்குச் சற்று முன் ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்தால் சதையின் உந்துவிசை கொஞ்சம் குறையும். பந்தயத்துக்கு முன் தேவை மெதுவோட்டம், குதிகால் நடை, நுனிக்கால் நடை, சின்னச் சின்னத் தாவல்கள்.

மூன்றாவது பலம். தரையில் நின்று இரு குதிகால்களையும் முடிந்தவரை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தடவை, மூன்று சுற்று. இது சுலபமானதும் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே இறங்க விட வேண்டும். பிறகு ஒற்றைக் காலில். இதையே முழங்காலைச் சற்று மடக்கியும் செய்ய வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். சதை வளர்வது ஓய்வில்தான். ஆரோக்கியமான இளைஞர் ஒற்றைக் காலில் முழு உயரத்துக்கு இருபத்தைந்து தடவை எழுவதை நல்ல அளவாக பிசியோதெரபிஸ்டுகள் கொள்கிறார்கள். சிறுவர்களிடம் அந்த எண்ணிக்கையை வற்புறுத்த வேண்டாம். இரு கால்களும் சமமாக இருந்தால் சரி.

மெதுவாக இறக்குவதில் என்ன விசேஷம்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சனுக்குக் குதிகால் தசைநாணில் தீராத வலி. அறுவை சிகிச்சை செய்ய மேலதிகாரி மறுத்துவிட்டார். தசைநாண் அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று படிக்கட்டில் நின்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி இறக்கிப் பார்த்தார். அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. 1998இல் பதினைந்து ஓட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து வெளியிட்டார். நாளுக்கு 180 தடவை, பன்னிரண்டு வாரம். இன்று உலகெங்கும் அக்கிலிஸ் வலிக்கு முதல் சிகிச்சைகளில் இது ஒன்று. ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு செய்யும் அந்த முரட்டு அளவு பெரியவர்களுக்கு. வளரும் பிள்ளைகளுக்கு மெதுவாக இறக்குவது என்ற தத்துவம் மட்டும் போதும்.

நான்காவது சமநிலை. ஒற்றைக் காலில் முப்பது விநாடி நிற்பது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு அப்படி நின்றபடியே பந்தைப் பிடித்து எறிவது. கடைசியாக ஸ்கிப்பிங்கும் நொண்டியாட்டமும். தமிழ்ப் பிள்ளைகளின் பாண்டியாட்டமும் கன்னடப் பிள்ளைகளின் குண்டே பில்லேயும் ஒற்றைக் கால் தாவலைச் சிரிக்கச் சிரிக்கப் பழக்கியவைதான். இந்த மாதிரிப் பயிற்சிகளைக் கோத்துக் கால்பந்துச் சிறுவர்களுக்காக '11+ கிட்ஸ்' என்ற திட்டம் உருவாக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து, செக் நாடுகளில் 7 முதல் 13 வயது வரையான சுமார் 3,900 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் இதைச் செய்த அணிகளில் காயங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தன.

சுளுக்கும் ஷூவும்

கணுக்காலில் ஒருமுறை சுளுக்கு விழுந்தால் மறுமுறையும் அதே காலில் விழும் வாய்ப்பு அதிகம். வீக்கம் வற்றியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து மைதானத்துக்குத் திரும்புவதே முக்கிய காரணம். சமநிலையும் பலமும் திரும்ப இன்னும் வாரங்கள் ஆகும். அடிபடாத காலைப் போல அடிபட்ட காலிலும் ஒற்றைக் காலில் எழவும் தாவவும் முடிகிறதா என்று பார்த்துவிட்டே அனுப்ப வேண்டும். சுளுக்கெடுப்பவரிடம் உருவிவிடும் முன் எலும்பு முறிவா என்று பார்க்க எளிய வழி உண்டு. 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்தது. அடிபட்ட பிள்ளையால் நான்கு எட்டு நடக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபுறப் புடைப்பு எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி எலும்பில் வலித்தாலும் அப்படியே.

மண்ணிலிருந்து மேட்டுக்கு மாறியதும் கவனிக்க வேண்டிய விஷயம். உலகக் கோப்பையும் பெரிய போட்டிகளும் இப்போது மேட் தளத்தில் நடக்கின்றன. மண்ணில் திரும்பும்போது பாதம் கொஞ்சம் வழுக்கி, முறுக்கை விட்டுக்கொடுக்கும். மேட்டில் ஷூ ஒட்டிப் பிடிக்கும். உடம்பு திரும்பிவிடும், பாதம் நின்றுவிடும். வெறுங்காலோடு மண்ணில் பழகிய பிள்ளையை மாநிலப் போட்டியன்று முதல்முறையாக ஷூ மாட்டி மேட்டில் இறக்குவது சுளுக்கை அழைப்பதற்குச் சமம். சில வாரங்கள் முன்பே பழக்க வேண்டும். ஷூவும் அளவாக இருக்க வேண்டும், அண்ணனுடையதோ சீனியருடையதோ அல்ல. இரு பாதங்களிலும் ஆறு ஆறு விரல்கள் கொண்ட ஸ்வப்னா பர்மன், பொருந்தாத ஷூவின் வலியோடுதான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்றார். அவர் காலுக்கேற்ற ஷூ தயாரானது அதற்குப் பிறகுதான்.

மேலே சொன்ன எதற்கும் ஸ்டேடியமோ இயந்திரமோ வேண்டாம். கொள்ளேகாலின் எந்தப் பள்ளியிலும் படிக்கட்டு இருக்கிறது, சுவர் இருக்கிறது, ஸ்கேலும் நோட்டும் இருக்கின்றன. வேண்டியது நாட்காட்டியில் ஒரு மாற்றம் மட்டும். தசரா நெருங்கும்போது ஊதப்படும் விசில் ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்திலேயே ஊதப்பட வேண்டும். காலை வழிபாட்டுக்குப் பின் பத்து நிமிடம், படியில் வரிசையாக நின்று குதிகாலை ஏற்றி இறக்கினால், ஹோப்ளிப் போட்டி வரும்போது தசைநாணுக்கு இரண்டு மூன்று மாதப் பழக்கம் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு வேகத்தைக் கேட்கலாம். கால் கொடுக்கும்.